எதிர் மாறுபாடு: பெருக்கிப் பார்த்தால் பிடிபடும் கணக்கு

20 செ.மீ. உயரமுள்ள ஒரு மெழுகுவர்த்தி. ஏற்றி வைத்தால் மணிக்கு 2 செ.மீ. வீதம் உருகிக் குறைகிறது. நேரம் கூடக் கூட உயரம் குறைகிறது. இது எதிர் மாறுபாடா?

வகுப்பில் கேட்டால் "ஆமாம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். "ஒன்று கூடினால் மற்றது குறையும், அதுதான் எதிர் மாறுபாடு" என்று மனப்பாடம் செய்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். அந்த ஒரு வரியை நம்பி எத்தனையோ கணக்குகளைத் தப்பாகப் போட்டேன். மெழுகுவர்த்தி எதிர் மாறுபாடு இல்லை.

இப்போது இன்னொன்று. 240 கி.மீ. தூரம் போக வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 6 மணி நேரம். 60 என்றால் 4 மணி, 80 என்றால் 3 மணி, 120 என்றால் 2 மணி. இங்கும் ஒன்று கூடுகிறது, மற்றது குறைகிறது. இது எதிர் மாறுபாடுதான்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒவ்வொரு வரிசையையும் பெருக்கிப் பாருங்கள். பயணத்தில் 40 × 6 = 240, 60 × 4 = 240, 80 × 3 = 240, 120 × 2 = 240. எங்கே தொட்டாலும் 240. மெழுகுவர்த்தியில் 1 மணி நேரத்தில் உயரம் 18, பெருக்கினால் 18. 2 மணி நேரத்தில் உயரம் 16, பெருக்கினால் 32. 4 மணி நேரத்தில் 12, பெருக்கினால் 48. ஒன்றும் ஒத்துவரவில்லை. மெழுகுவர்த்தி ஒவ்வொரு மணிக்கும் ஒரே அளவைக் கழிக்கிறது. பயணமோ வேகம் இரண்டு மடங்கானால் நேரத்தைப் பாதியாக்குகிறது, மூன்று மடங்கானால் மூன்றில் ஒரு பங்காக்குகிறது. முன்னது கழித்தல் வழிக் குறைவு, பின்னது வகுத்தல் வழிக் குறைவு.

ஆக, வரையறை இதுதான்: இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன் எப்போதும் மாறாமல் இருந்தால் அவை எதிர் மாறுபாட்டில் உள்ளன. கூடுவதும் குறைவதும் இதிலிருந்து தானாக வரும் விளைவு.

குறியீட்டில் எழுதிக்கொள்வோம். முதல் அளவு அ, இரண்டாவது ஆ, மாறாத எண் ம. அப்போது

அ × ஆ = ம

இதையே ஆ = ம ÷ அ என்றும் எழுதலாம். "ஆ என்பது அ-வுக்கு எதிர் மாறுபாட்டில் உள்ளது" என்பதைச் சுருக்கமாக ஆ ∝ 1/அ என்று குறிப்பார்கள். ம-வுக்கு மாறுபாட்டு மாறிலி என்று பெயர். பாடநூலுக்குப் பாடநூல் எதிர் மாறல், எதிர் விகிதம், தலைகீழ் விகிதம் என்று பெயர் மாறும், பொருள் ஒன்றுதான்.

பழைய கணக்கிலும் இதற்கு ஒரு தனி இடம் உண்டு. தெரிந்த மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் கண்டுபிடிக்கும் முறைக்குத் திரைராசிகம் என்று பெயர். அதன் எதிர் வடிவத்தை வியஸ்த திரைராசிகம் என்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் அதற்குத் தந்த செய்முறை: முதலிரண்டையும் பெருக்கி, மூன்றாவதால் வகு. நாம் மேலே எழுதிய சமன்பாடும் இதையேதான் சொல்கிறது.

முதல் படி: மாறாமல் நிற்பது எது?

கணக்கைப் படித்ததும் "எது கூடுகிறது, எது குறைகிறது" என்று தேடாதீர்கள். "இரண்டையும் பெருக்கினால் வருவது என்ன? அது மாறுமா, மாறாதா?" என்று கேளுங்கள். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். தூரம் நிலையானது என்றால் எதிர் மாறுபாடு. ஆட்களை நாட்களால் பெருக்கினால் வேலையின் மொத்த அளவு. அதற்கு அலகு "ஆள்-நாள்". வேலை அதே வேலை என்றால் எதிர் மாறுபாடு. செவ்வகத்தின் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு. பரப்பை நிலையாக வைத்துக்கொண்டு நீளத்தைக் கூட்டினால் அகலம் எதிர் மாறுபாட்டில் குறையும்.

ஆனால் அதே செவ்வகத்தில் பரப்புக்குப் பதிலாகச் சுற்றளவை நிலையாக வைத்தால்? நீளம் கூடினால் அகலம் அப்போதும் குறையும். ஆனால் கூட்டுத்தொகைதான் நிலையாக இருக்கும், பெருக்கற்பலன் இருக்காது. அதாவது மெழுகுவர்த்தியின் கதை. ஒரே வடிவம், அதே இரண்டு அளவுகள். எதை நிலையாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து உறவே மாறிவிடுகிறது.

பெருக்கினால் வருவதற்கு ஒரு பெயரோ அலகோ சொல்ல முடியாவிட்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மெழுகுவர்த்தியில் நேரத்தை உயரத்தால் பெருக்கினால் "மணி-சென்டிமீட்டர்" வருகிறது. அது எதைக் குறிக்கிறது? எதையும் இல்லை. மாறிலிக்குப் பொருள் சொல்ல முடியவில்லை என்றால் பெரும்பாலும் நாம் தப்பான வழியில் இருக்கிறோம்.

இரண்டாம் படி: அட்டவணை தந்தால் எல்லா வரிசையையும் சோதியுங்கள்

தேர்வில் ஓர் அட்டவணையைத் தந்து "இது எந்த வகை மாறுபாடு?" என்று கேட்பார்கள். அவசரத்தில் இரண்டு வரிசையை மட்டும் பெருக்கிப் பார்த்துவிட்டு விடை எழுதுகிறவர்கள் அதிகம். அவர்களுக்காகவே மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றுவோம். 4 மணி நேரத்தில் உயரம் 12, பெருக்கற்பலன் 48. 6 மணி நேரத்தில் உயரம் 8, பெருக்கற்பலன் அதே 48! இந்த இரண்டு வரிசையை மட்டும் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டு "எதிர் மாறுபாடு" என்று எழுதிவிடுவார். 5 மணி நேரத்தில் உயரம் 10, பெருக்கினால் 50. ஒரே ஒரு வரிசை கூடுதலாகச் சோதித்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்.

நிஜமான அளவீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். பெருக்கற்பலன் அச்சாக ஒன்றாக வராது. 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட அட்டவணை இதற்கு நல்ல சான்று. ஜே எழுத்தைப் போல வளைந்த கண்ணாடிக் குழாயின் மூடிய முனையில் காற்றை அடைத்து, மறுமுனையில் பாதரசம் ஊற்றி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். காற்று அடைந்த இடம் 48 அலகாக இருந்தபோது அழுத்தம் 29 2/16 அங்குலப் பாதரசம். இடம் 24 அலகாகச் சுருங்கியபோது 58 13/16. 12 அலகாகச் சுருங்கியபோது 117 9/16.

பெருக்குவோம். முதலாவது 1398. இரண்டாவது 1411.5. மூன்றாவது 1410.75. ஒன்றுக்கொன்று வேறுபாடு நூற்றுக்கு ஒன்று அளவுதான். கண்ணால் பார்த்து, கையால் அளந்த கருவியில் இவ்வளவு நெருக்கமாக வந்தது பெரிய விஷயம். வெப்பநிலை மாறாதவரை வாயுவின் அழுத்தமும் பருமனும் எதிர் மாறுபாட்டில் இருக்கும் என்ற பாயில் விதி இப்படித்தான் நிலைபெற்றது. அளவீட்டில் சின்னச் சின்னப் பிசகு இருக்கத்தான் செய்யும். பெருக்கற்பலன் ஒரே எண்ணைச் சுற்றி ஊசலாடுகிறதா, அல்லது ஒரே திசையில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகிறதா என்பதைப் பாருங்கள். ஊசலாடினால் அது அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். ஒரே திசையில் போனால் உறவே வேறு.

மூன்றாம் படி: மாறிலியைக் கண்டுபிடி, பிறகு வகு

கணக்கு 1. 12 பேர் ஒரு வேலையை 15 நாளில் முடிக்கிறார்கள். 20 பேர் செய்தால் எத்தனை நாள்?

மாறாதது வேலை. அதன் அளவு 12 × 15 = 180 ஆள்-நாள். 20 பேருக்கு 180 ÷ 20 = 9 நாள். அவ்வளவுதான்.

இதையே 12 : 20 :: 15 : ? என்று விகிதம் எழுதி, எதைக் குறுக்கே பெருக்குவது, எதை நேரே பெருக்குவது என்று தடுமாறுகிறவர்கள் உண்டு. "நேர் என்றால் குறுக்கே, எதிர் என்றால் நேரே" என்றெல்லாம் சூத்திரம் வைத்திருப்பார்கள். தேர்வு அறையில் அதுவே தலைகீழாக நினைவுக்கு வரும். மாறிலிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. விடை வந்ததும் ஒரு சோதனை: ஆட்கள் கூடியிருக்கிறார்கள், நாள் குறைந்திருக்கிறது. சரி. "கூடினால் குறையும்" என்ற வரி இந்தக் கடைசிச் சோதனைக்கு மட்டும் உதவும்.

கணக்கு 2. ஒரு சைக்கிளில் மிதிக்கட்டையோடு சுற்றும் முன் பற்சக்கரத்தில் 48 பற்கள், பின் சக்கரத்தோடு சுற்றும் பற்சக்கரத்தில் 16 பற்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் பின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும்?

இரண்டையும் ஒரே சங்கிலி இணைக்கிறது. முன்னால் எத்தனை பல் நகர்கிறதோ பின்னாலும் அத்தனை பல்தான் நகர முடியும். மாறாதது நிமிடத்துக்கு நகரும் பற்களின் எண்ணிக்கை: 48 × 60 = 2880. பின்னால் 2880 ÷ 16 = 180 சுற்று. மேடு ஏறும்போது பின்னால் 24 பல் உள்ள சக்கரத்துக்குக் கியர் மாற்றினால் 2880 ÷ 24 = 120 சுற்று. வேகம் குறைகிறது, மிதிப்பது எளிதாகிறது.

கணக்கு 3. இது கொஞ்சம் ஏமாற்றுக் கணக்கு. ஒரு முகாமில் 120 பேருக்கு 45 நாட்களுக்குத் தேவையான உணவு இருக்கிறது. 10 நாள் கழித்து மேலும் 30 பேர் வந்து சேர்கிறார்கள். மீதி உணவு எத்தனை நாளுக்கு வரும்?

120 × 45 = 5400 என்று தொடங்கி 5400 ÷ 150 = 36 என்று எழுதினால் தவறு. பத்து நாள் சாப்பிட்டது போய்விட்டது. அந்த 5400 இப்போது கையில் இல்லை. புதியவர்கள் வந்த நாளில் இருப்பது 120 பேருக்கு 35 நாள் உணவு: 120 × 35 = 4200. ஆட்கள் 150. எனவே 28 நாள். மாறிலி எந்த நேரத்தில் மாறிலி என்று பார்க்க வேண்டும்.

ஆழத்தில் ஒரு பாடம்

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கடலுக்குள் இருக்கிறது. நீர்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1 வளிமண்டலம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் 6 லிட்டர் காற்று அடைத்த பலூனைக் கீழே கொண்டுபோனால் 10 மீட்டரில் 3 லிட்டர், 20 மீட்டரில் 2 லிட்டர், 30 மீட்டரில் 1.5 லிட்டர்.

ஆழமும் பருமனும் எதிர் மாறுபாட்டில் இருக்கின்றனவா? பெருக்கிப் பார்ப்போம். 10 × 3 = 30, 20 × 2 = 40, 30 × 1.5 = 45. இல்லை. ஆனால் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1 × 6, 2 × 3, 3 × 2, 4 × 1.5. எல்லாமே 6. ஆழத்தோடு 10 சேர்த்துப் பெருக்கினாலும் இதேபோல் ஒட்டிக்கொள்கிறது: 10 × 6, 20 × 3, 30 × 2, 40 × 1.5, எல்லாம் 60. நீருக்கு மேலே இருக்கும் காற்றும் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. அதன் எடை 10 மீட்டர் நீருக்குச் சமம். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால்தான் முதல் முயற்சி ஒத்துவரவில்லை.

இதில் பாடம் இரண்டு. ஒன்று, எதிர் மாறுபாடு எந்த இரண்டு அளவுகளுக்கு இடையில் என்பதில் கவனம் வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு அளவை எடுத்துவிட்டால் கணக்கு உடைந்துபோகும். வண்டிச் சக்கரத்தின் காற்றை அளக்கும் கருவி பூச்சியம் காட்டும்போதும் சக்கரத்துக்குள் 1 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது என்பதை மறந்து பாயில் விதியில் எண்களைப் போடுவதும் இதே தவறுதான்.

இரண்டு, மாற்றம் எங்கே பெரிது என்பது. முதல் 10 மீட்டரிலேயே பலூன் பாதியாகிவிட்டது. அடுத்த 10 மீட்டரில் 1 லிட்டர்தான் குறைந்தது. அதற்கடுத்த 10 மீட்டரில் அரை லிட்டர். திரும்பி மேலே வரும்போது இதுவே தலைகீழாக நடக்கும்: கடைசி 10 மீட்டரில் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலில் இருக்கும் காற்றும் அப்படியே. அழுத்தக் காற்றை மூச்சிழுத்து முக்குளிப்பவர்களுக்கு மேலே வரும்போது மூச்சை அடக்காதே என்று முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

வளைகோட்டின் குணம்

எதிர் மாறுபாட்டை வரைபடமாக வரைந்தால் நேர்கோடு வராது. இடப்பக்கம் செங்குத்தாக விழுந்து, வலப்பக்கம் போகப் போகப் படுத்துக்கொள்ளும் ஒரு வளைகோடு வரும். அதற்குச் செவ்வக அதிபரவளையம் என்று பெயர். இரண்டு அச்சுகளையும் அது நெருங்கும், தொடாது. தொட்டால் ஏதோ ஓர் அளவு பூச்சியமாக வேண்டும். பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் 240 வராது. வேகம் பூச்சியமானால் போய்ச் சேரவே முடியாது, வேகம் எவ்வளவு கூடினாலும் பயண நேரம் பூச்சியமாகாது. மெழுகுவர்த்தியின் கோடோ பத்தாவது மணியில் நேராகப் போய்த் தரையைத் தொட்டுவிடும்.

ஒரு சின்ன உத்தி: ஆ-வை அ-வுக்கு எதிராக வரைவதற்குப் பதிலாக 1/அ-வுக்கு எதிராக வரைந்தால், எதிர் மாறுபாடு என்றால் ஆதிப்புள்ளி வழியாகப் போகும் நேர்கோடு கிடைக்கும். வளைகோட்டைப் பார்த்து "இது அதுதானா" என்று சொல்வது கடினம். நேர்கோடு என்றால் ஓர் அளவுகோல் போதும்.

இந்த வளைகோட்டின் சரிவு சீராக இல்லை என்பது வெறும் வடிவச் செய்தி இல்லை. நம் உள்ளுணர்வு அடிக்கடி சறுக்கி விழும் இடம் இது. அதே 240 கி.மீ. பயணத்தில் வேகத்தை 20-லிருந்து 40 ஆக்கினால் 12 மணி நேரம் 6 ஆகிறது. மிச்சம் 6 மணி. 40-லிருந்து 60 ஆக்கினால் மிச்சம் 2 மணி. 60-லிருந்து 80 ஆக்கினால் 1 மணி. 80-லிருந்து 100 ஆக்கினால் 36 நிமிடம். 100-லிருந்து 120 ஆக்கினால் வெறும் 24 நிமிடம். ஒவ்வொரு முறையும் கூட்டியது அதே 20 கி.மீ.தான். ஏற்கெனவே வேகமாகப் போகிறவர் இன்னும் வேகமாகப் போய்ச் சம்பாதிக்கும் நேரம் மிகக் குறைவு. ஆபத்து மட்டும் குறையாது.

எரிபொருளிலும் இதே பொறி. ஒரு பழைய வண்டி லிட்டருக்கு 8 கி.மீ. தருகிறது, அதை விற்று 10 தரும் வண்டி வாங்குகிறார் ஒருவர். இன்னொருவர் 20 தரும் வண்டியை விற்று 30 தருவதை வாங்குகிறார். இருவரும் 1000 கி.மீ. ஓட்டினால் யாருக்கு எரிபொருள் அதிகம் மிச்சம்? இரண்டாமவருக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கிடுங்கள். முதலாமவருக்கு 125 லிட்டர் 100 ஆகிறது; மிச்சம் 25. இரண்டாமவருக்கு 50 லிட்டர் சுமார் 33.3 ஆகிறது; மிச்சம் 16.7 மட்டுமே. லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பதும் மொத்தம் எத்தனை லிட்டர் என்பதும் எதிர் மாறுபாட்டில் உள்ளன. வளைகோட்டின் செங்குத்தான பகுதியில் நிற்பவருக்குச் சின்ன முன்னேற்றமும் பெரிய பலன் தரும். பல நாடுகளில் "100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர்" என்று அளப்பதில் இந்தக் குழப்பம் வராது.

சராசரி வேகமும் இந்த வகைதான். 120 கி.மீ. தூரத்தை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி 50 இல்லை. போக 3 மணி, வர 2 மணி. 240 ÷ 5 = 48. மெதுவான பயணத்தில்தான் அதிக நேரம் செலவாகிறது, அதனால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது. இதன் உச்சம் ஒரு பழைய புதிர்: 60 கி.மீ. பயணத்தில் முதல் பாதியை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடந்துவிட்டீர்கள். மொத்தச் சராசரி 60 வர வேண்டுமானால் மீதியை எந்த வேகத்தில் கடக்க வேண்டும்? 90 என்பார்கள். உண்மையில் முடியவே முடியாது. சராசரி 60 வர மொத்தம் 1 மணி நேரம்தான் அனுமதி. அது முதல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

பின்னத்தில் ஒரு குறுக்குவழி

கால் பங்கு கூடினால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூன்றில் ஒரு பங்கு கூடினால் கால் பங்கு குறையும். பாதி கூடினால் மூன்றில் ஒரு பங்கு குறையும். எதிர் மாறுபாட்டில் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பல கணக்குகள் வாய்க்கணக்காகிவிடும். காரணம் எளிது: ஓர் அளவு 5/4 மடங்கானால், பெருக்கற்பலன் மாறாமலிருக்க மற்றது 4/5 மடங்காக வேண்டும். சதவீதத்தில் சொன்னால் 25% கூடினால் 20% குறையும். 25% கூடினால் 25% குறையும் என்று எழுதுவது, எதிர் மாறுபாட்டை மறுபடி கழித்தல் கணக்காக நினைப்பதால் வரும் பிழை.

பயன்படுத்திப் பார்ப்போம். வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில் நடந்ததால் ஒருவர் 20 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும்? தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது. தேவையும் இல்லை. வேகம் 3/4 ஆனால் நேரம் 4/3. கூடுதல் 1/3 பங்கு. அதுதான் 20 நிமிடம். வழக்கமான நேரம் 60 நிமிடம்.

மூன்று நான்கு அளவுகள் சேர்ந்து வந்தால்

15 பேர் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்து 96 மீட்டர் சுவரை 12 நாளில் கட்டுகிறார்கள். 20 பேர் நாளுக்கு 6 மணி நேரம் உழைத்தால் 120 மீட்டர் கட்ட எத்தனை நாள்?

எது நேர், எது எதிர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அம்புக்குறி போடும் முறை ஒன்று உண்டு. எனக்கு அது ஒருபோதும் பிடிபட்டதில்லை. மாறாதது எது என்று மட்டும் கேட்போம். ஒரு மீட்டர் சுவருக்குத் தேவையான உழைப்பு மாறாது. முதல் குழு செலவிட்டது 15 × 8 × 12 = 1440 ஆள்-மணி. மீட்டருக்கு 1440 ÷ 96 = 15 ஆள்-மணி. 120 மீட்டருக்கு 1800 ஆள்-மணி. இரண்டாம் குழு ஒரு நாளில் தருவது 20 × 6 = 120. எனவே 15 நாள்.

வர்க்கத்தில் எதிர் மாறுபாடு

ஒரு விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைப்போம். கால் பங்காகிவிடும். மூன்று மடங்கு தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு. காரணம் பரப்பு. 1 மீட்டர் தொலைவில் ஒரு சதுர அட்டையின் மேல் விழும் ஒளி, 2 மீட்டர் தொலைவுக்குப் போகும்போது அகலத்தில் இரண்டு மடங்காகவும் உயரத்தில் இரண்டு மடங்காகவும் விரிந்து நான்கு அட்டைகளை நிரப்புகிறது. அதே ஒளி, நான்கு பங்கு இடம்.

இங்கே மாறிலி தொலைவு × வெளிச்சம் இல்லை. தொலைவு × தொலைவு × வெளிச்சம். 1687-இல் நியூட்டன் வெளியிட்ட ஈர்ப்பு விதியும் இந்த வடிவம்தான். சூரியனிலிருந்து வியாழன் பூமியைவிட 5.2 மடங்கு தொலைவில் இருக்கிறது. 5.2-ஐ அதனாலேயே பெருக்கினால் 27. ஆக அங்கே விழும் சூரிய ஒளி இங்கே விழுவதில் 27-இல் ஒரு பங்கு. வியாழனுக்கு அனுப்பும் விண்கலங்களுக்கு அவ்வளவு பெரிய சூரியத் தகடுகள் எதற்கு என்பதற்கு விடை இந்த ஒற்றை வகுத்தலில் இருக்கிறது.

எங்கே உடைகிறது?

ஒருவர் ஒரு மலையை ஏற 3 மணி நேரம் எடுக்கிறார். மூவர் சேர்ந்து ஏறினால் 1 மணி நேரமா? சிரிப்பீர்கள். ஆனால் இதே தவறு சிரிப்பு வராத இடங்களில் நடக்கிறது. ஆள்-நாள் என்ற மாறிலி, வேலையைப் பங்கு போட முடியும், ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தடையாகாது, எல்லோரும் ஒரே வேகம் என்ற அனுமானங்களின் மேல் நிற்கிறது. மென்பொருள் திட்டங்களை நடத்திய அனுபவத்தில் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதியது: தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் போகிறது. பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகளும் பெருகுகின்றன: 5 பேர் என்றால் 10 ஜோடி, 10 பேர் என்றால் 45 ஜோடி. பெருக்கற்பலன் அங்கே மாறிலியாக இருக்க மறுக்கிறது. தேர்வுத் தாளில் "அனைவரும் சம வேகத்தில் உழைப்பதாகக் கொள்க" என்று ஒரு வரி வருமே, அது இதற்காகத்தான்.

நீங்களே செய்து பார்க்க

ஒன்று. பண்பலை வானொலி 100 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால் அலைநீளம் 3 மீட்டர். 1 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் மத்திய அலை நிலையத்தின் அலைநீளம் என்ன? அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் அலையின் வேகம். எல்லா வானொலி அலைக்கும் அது ஒன்றே. 100 × 3 = 300. எனவே 300 மீட்டர்.

இரண்டு. ஒரு விளக்கிலிருந்து 2 மீட்டர் தொலைவில் ஒளிமானி 90 லக்ஸ் காட்டுகிறது. 3 மீட்டரில் எவ்வளவு? 10 லக்ஸ் எங்கே கிடைக்கும்? மாறிலி 2 × 2 × 90 = 360. 3 மீட்டரில் 360 ÷ 9 = 40 லக்ஸ். 10 லக்ஸுக்குத் தொலைவின் வர்க்கம் 36, தொலைவு 6 மீட்டர்.

மூன்று. ஒரே திறனுள்ள 6 பம்புகள் சேர்ந்து ஒரு தொட்டியை 4 மணி 40 நிமிடத்தில் நிரப்பும். 80 நிமிடம் ஓடிய பிறகு இரண்டு பம்புகள் பழுதாகி நின்றுவிடுகின்றன. தொட்டி நிரம்ப மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்? முகாம் உணவுக் கணக்கை நினைவில் வையுங்கள். 280 நிமிடத்தில் 80 போக, மீதி வேலை 6 × 200 = 1200 பம்பு-நிமிடம். 4 பம்புகளுக்கு 300 நிமிடம். ஏற்கெனவே ஓடிய 80-ஐச் சேர்த்தால் 380 நிமிடம், அதாவது 6 மணி 20 நிமிடம்.